காட்மியம் எங்கேயும் போகவில்லை

சிங்கப்பூரில் குவீன்ஸ்டவுன் பக்கம் ஹோர்ட்பார்க்கில் தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் தோட்டப் பாத்திகளுக்கு விண்ணப்பக் கெடு நெருங்கினாலே கடிதங்கள் குவிகின்றன. பாதிக்கு மேல் ஒரே கேள்வி: “கன உலோகம் நீக்கிய மண்” என்று விற்கிறார்களே, நம்பலாமா?

பெரும்பாலான மண் சிகிச்சையில் எதுவும் வெளியேறுவதில்லை. சுண்ணாம்பு போட்டு பிஎச் அளவை 6.5க்கு மேல் ஏற்றினால், நீரில் கரைந்து திரியும் காட்மியம் என்ற கன உலோகம் களியிலும் மட்கிலும் ஒட்டிக்கொள்ளும். வேருக்குக் கிடைப்பது குறையும். நல்ல உத்திதான். ஆனால் நம்மூர் மழையும் யூரியாவும் மண்ணை மறுபடி புளிக்க வைத்தால் ஒட்டியது கழன்றுவிடும். “சீர்செய்யப்பட்டது” என்று அறிக்கை எழுதுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

என்னை உறுத்துவது நெல் வயல்தான். சிங்கப்பூரில் வயல் ஏது என்பீர்கள். லிட்டில் இந்தியாவில் நீங்கள் வாங்கும் பொன்னி ஏதோ ஒரு வயலில் விளைந்ததுதானே. தண்ணீர் தேக்கினால் சேற்றில் காற்று அற்றுப்போகும். அங்கே உருவாகும் சல்ஃபைடு காட்மியத்தைப் பிடித்துவைக்கிறது. அதே சேற்றில் இரும்புத் துரு கரைய, அதில் ஒட்டியிருந்த ஆர்செனிக் விடுபட்டு, சிலிக்கா நுழையும் வழியாகவே வேருக்குள் போகிறது. வயலைக் காயவிட்டால் ஆர்செனிக் அடங்கும், காட்மியம் கிளம்பும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் தண்ணீர் மிச்சம், மீத்தேன் குறைவு, ஆர்செனிக் குறைவு என்று பிரசாரம் செய்கிறவர்கள் இந்த இரண்டாம் பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தீட்டிய அரிசிக்குக் கோடெக்ஸ் வரம்பு கிலோவுக்குக் காட்மியம் 0.4 மில்லிகிராம், கனிம ஆர்செனிக் 0.2. ஒன்றை மட்டும் காட்டும் சான்றிதழ் அரைச் சான்றிதழ்.

உலோகத்தை உண்மையிலேயே நீக்குவது எளிதல்ல. ஜப்பானின் தொயாமாவில், காட்மியத்தால் இத்தாய்-இத்தாய் நோய் பரவிய ஜின்ஸு ஆற்றுப்படுகையில், மண்ணையே மாற்றினார்கள். 1979இல் தொடங்கிய வேலை 2012இல்தான் முடிந்தது.

மற்ற கேள்விகள் சுருக்கமாக.

எந்தச் செடி அதிகம் இழுக்கும்? கீரைகள். தக்காளியும் பயறும் குறைவாகவே இழுக்கும்.

கழுவினால் போகுமா? ஒட்டிய மண் போகும், இலைக்குள் ஏறியது போகாது.

மட்கு போதுமா? உதவும், அந்த மட்கே சுத்தமாக இருந்தால்.

பாஸ்பேட் உரம்? பாறையிலிருந்து வருவதால் காட்மியமும் கூடவே வரலாம்.

பாத்தி கிடைத்தால்? மண் வாங்கும் கடையில் பிஎச், காட்மியம், ஆர்செனிக், ஈயம் நான்கின் அளவையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் வேறு கடை பாருங்கள்.