சொல்பேச்சு கேட்கலையா, சொன்னதே புரியலையா?

போன எபிசோடுக்குப் பிறகு வந்த வாய்ஸ் மெசேஜ்களில் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டிருந்தீர்கள். "பையனுக்கு நாலு வயசு. கூப்பிட்டா திரும்புறதில்ல, ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கிறான். ஏடிஹெச்டியா இருக்குமோன்னு மிஸ் சொல்றாங்க. பேச்சும் கொஞ்சம் கம்மிதான். எதை முதல்ல பார்க்கிறது?" நல்ல கேள்வி. நானே ஒரு காலத்தில் தப்பாகப் பதில் சொன்ன கேள்வி. அதைப் பிறகு சொல்கிறேன்.

சமீபத்தில் வந்த ஒரு குழந்தையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாலரை வயசுப் பையன், எல்கேஜி. கதை நேரத்தில் எழுந்து போகிறான், சொன்னதைச் செய்வதில்லை, பக்கத்துப் பிள்ளை என்ன செய்கிறதோ அதையே செய்கிறான். இதுதான் பள்ளிக்கூடத்துப் புகார். என் அறைக்கு வந்ததும் ஒரு புதிரை எடுத்துக் கொடுத்தேன். தலை நிமிராமல் கடைசித் துண்டு வரை அடுக்கி முடித்தான். அப்புறம் என் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாலும் காட்டாமல், "பந்தை எடுத்துப் பெட்டிக்குப் பின்னாடி வை" என்றேன்.

பந்தை எடுத்தான். என் முகத்தைப் பார்த்தான். அம்மாவின் கையைப் பார்த்தான். கடைசியில் பந்தை என்னிடமே நீட்டினான்.

"வீட்ல சொன்னா செய்வானே மேடம்" என்றார் அந்த அம்மா. உண்மைதான், செய்வான். ஆனால் வீட்டில் எப்படிச் சொல்கிறோம்? கிளம்பும் நேரம், கதவு திறந்திருக்கு, அம்மா கையில் சாவி, விரல் செருப்பைக் காட்டுது, அப்போ "செருப்பை எடுத்துட்டு வா" என்கிறோம். அந்த வாக்கியமே இல்லாவிட்டாலும் குழந்தை செருப்பைத்தான் எடுக்கும். நேரம், இடம், விரல் மூன்றையும் எடுத்துவிட்டு வெறும் சொல்லை மட்டும் கொடுத்துப் பார்த்தால்தான் மொழி எவ்வளவு போய்ச் சேருகிறது என்று தெரியும். இந்தப் பையன் கவனித்தான். உன்னிப்பாகவே கவனித்தான். சொல் புரியாததால் முகத்திலும் கையிலும் துப்புத் தேடினான். புரியாத பாஷையில் ஒரு மணி நேரக் கூட்டத்தில் நம்மை உட்கார வைத்தால் நாமும் ஜன்னலைத்தான் பார்ப்போம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. புதிரில் உட்கார்ந்தான் என்பதால் மட்டும் கவனப் பிரச்சினை இல்லை என்று சொல்லிவிட முடியாது. "ஒரு மணி நேரம் யூடியூப் பார்க்கிறானே, கவனம் இருக்கே" என்று பெற்றோர் சொல்வதுண்டு. ஏடிஹெச்டி உள்ள குழந்தையும் பிடித்த விஷயத்தில் மூழ்கிப் போகும். மொழியும் வேண்டாம், பெரிய ஆர்வமும் கிடையாது என்கிற வேலையில்தான் பார்க்க வேண்டும். சட்டைப் பட்டன் போடுவது, சறுக்குமரத்தில் முறை வரும்வரை நிற்பது, ஒரே மாதிரிப் படங்களைச் சேர்ப்பது. இதிலும் பாதியில் ஓடுகிறதா? வீடு, பள்ளி, பாட்டி வீடு என்று எல்லா இடத்திலும் அப்படியா? அப்போது சந்தேகம் கவனத்தின் பக்கம் போகும். கண்டறியும் விதிகளிலேயே குறைந்தது இரண்டு இடங்களில், ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும் என்று இருக்கு. ஒரு டீச்சரின் ஒரு வரிப் புகார் அதற்குப் போதாது.

எனக்கு மிகவும் உதவுவது வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல வைப்பது. "அம்மா கடைக்குப் போய் பழம் வாங்கிட்டு வந்தாங்க. சொல்லு பார்ப்போம்." மொழியில் சிக்கல் உள்ள குழந்தை, "அம்மா கடை பழம் வந்தாங்க" என்கும். பொருள் கிடைத்துவிட்டது. கடை'க்கு' என்பதிலுள்ள வேற்றுமை உருபும், 'போய்', 'வாங்கிட்டு' என்கிற எச்சங்களும் உதிர்ந்துபோயின. பத்து முறை சொன்னாலும் அதே இடத்தில்தான் உதிரும். கவனம் சிதறும் குழந்தை வேறு மாதிரி. முதல் தடவை "அம்மா கடைக்குப் போய்... அங்க பாரு பூனை!" என்கும். தோளைத் தொட்டு, பார்வையை வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னால் முழுசாகச் சொல்லிவிடும். விட்டுப்போவது இலக்கணம் இல்லை, பாதி வாக்கியம். தடுமாற்றம் தினமும் ஒரே இடத்திலா, இடம் மாறி மாறியா என்பதுதான் நான் தேடும் வித்தியாசம்.

கேள்விச் சொற்களையும் கவனியுங்கள். "ஏன் அழுத?" என்றால் "ஸ்கூல்ல" என்றும், "எப்போ சாப்பிட்ட?" என்றால் "தோசை" என்றும் பதில் வருகிறதா? குழந்தை உங்களைக் கேட்டுத்தான் பதில் சொல்கிறது. ஏன், எப்போ என்கிற சொற்கள்தான் இன்னும் அதற்குப் பிடிபடவில்லை.

இதையெல்லாம் வீட்டு மொழியில் செய்ய வேண்டும், தயவுசெய்து. வீட்டில் தமிழ், பள்ளியில் முழுக்க இங்கிலீஷ் என்றால், எல்கேஜியில் ஜூன் மாதம் "கீப் யுவர் பேக் அண்டர் த டேபிள்" புரியாததற்குப் பெயர் குறைபாடு இல்லை. தமிழிலும் அதே சிரமம் இருந்தால்தான் யோசிக்கணும். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வராது. "வீட்ல இங்கிலீஷ்லயே பேசுங்க" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

காது? எல்லாவற்றுக்கும் முன்னாடி அதுதான். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோர்த்துக்கொண்டு, கேட்பது ஒரு நாள் தெளிவாகவும் ஒரு நாள் மங்கலாகவும் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அச்சு அசலாகக் கவனக்குறைவு. "கதவு சத்தத்துக்குத் திரும்புறானே" என்பது பரிசோதனை ஆகாது.

இப்போது என் தப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அறை முழுக்க ஓடிக்கொண்டிருந்த ஒரு ஐந்து வயசுப் பையனைக் கொண்டு வந்தார்கள். "முதல்ல கவனம் வரட்டும், உட்காரப் பழகட்டும், அப்புறம் மொழியைப் பார்க்கலாம்" என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் சொன்னோம். இரண்டு வருஷம் கழித்து இரண்டாம் வகுப்பில் திரும்பி வந்தான். ஓட்டம் பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் அன்று பள்ளியில் யார் தன்னைத் தள்ளிவிட்டார்கள் என்பதைக்கூட வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. சொல்ல முடியாததால் திருப்பி அடித்திருக்கிறான், கெட்ட பையன் என்ற பேர் அவனுக்கு வந்துவிட்டது. அவனுக்கு இரண்டுமே இருந்தது. ஒன்று இருந்தால் மற்றொன்று இருக்காது என்று இல்லை, சேர்ந்து வருவது சகஜம். ஒன்றுக்காக மற்றொன்றைக் காத்திருக்க வைக்கக் கூடாது என்பதை அந்தக் குழந்தையின் இரண்டு வருஷத்தைச் செலவழித்து நான் கற்றுக்கொண்டேன்.

ஏடிஹெச்டியை எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். டிஎல்டி, அதாவது வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்றால் டாக்டர்களிலேயே சிலர் புருவம் உயர்த்துகிறார்கள். டோரதி பிஷப் உள்ளிட்ட வல்லுநர் குழு இந்தப் பெயரை ஒத்துக்கொண்டு 2017-ல்தான் வெளியிட்டது. பிரிட்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் பள்ளியில் சேரும் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 7 பேருக்கு இது இருந்தது. வகுப்புக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமைதியாக இருக்கும் பெண் குழந்தைகள் இதில் கண்ணுக்கே படுவதில்லை.

எங்கே போவது என்று கேட்டவர்களுக்கு: 2013-ல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே திட்டத்தில் மாவட்ட அளவில் டிஇஐசி என்ற மையங்கள் இருக்கின்றன, கட்டணம் கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். போகும் முன் ஒரு வாரம், குழந்தை எந்த வாக்கியத்துக்குப் பதில் செய்தது, எதற்கு விழித்தது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போங்கள். "சொன்னா கேட்க மாட்டான்" என்று மட்டும் எழுதாமல், நீங்கள் சொன்ன வார்த்தையையும் அப்போது உங்கள் கை என்ன காட்டிக்கொண்டிருந்தது என்பதையும் அப்படியே எழுதுங்கள்.

அந்த எல்கேஜி பையனுக்குக் காது சரியாக இருந்தது. வாரம் இரண்டு நாள் வருகிறான். போன வியாழக்கிழமை பந்தைப் பெட்டிக்குப் பின்னாடி வைத்துவிட்டு, "மிஸ், நீ தேடு" என்றான்.

அடுத்த எபிசோடில் காது பரிசோதனைகள். கேள்விகளை வழக்கம்போல வாய்ஸ் மெசேஜில் அனுப்புங்கள்.