பனிக்குள் ஒரு வானோக்ககம்

பொருளியல் கற்பித்தவன் என்பதால், எந்தச் செலவைக் கண்டாலும் 'வரவு என்ன?' என்று கேட்பது என் பழக்கம். தென்துருவத்தில் ஏறத்தாழ 28 கோடி டாலர் செலவில் 2010 டிசம்பரில் நிறைவுற்ற 'ஐஸ்கியூப்' ஆய்வகத்தைப் பற்றிப் படித்தபோதும் அதையே கேட்டேன்.

நியூட்ரினோ என்றதும் நம்மில் பலருக்குத் தேனி மலைப் போராட்டமே நினைவுக்கு வரும். மலையைக் குடைவது பற்றிய அச்சம் வேறு. துகளைப் பற்றிய அச்சம் வேறு. இதைப் படிக்கும் நொடியிலும் கோடிக்கணக்கான சூரிய நியூட்ரினோக்கள் உங்கள் உடலைத் தீங்கின்றிக் கடந்துகொண்டிருக்கின்றன.

மின்னூட்டம் இல்லாததால் காந்தப்புலங்கள் அவற்றின் பாதையை வளைப்பதில்லை. வந்த திசையே பிறப்பிடத்தைச் சுட்டும். ஆனால், பிடிப்பது அரிது. எனவேதான் ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டி தேவைப்பட்டது. வெந்நீரால் துளையிட்டு, 86 வடங்களில் 5,160 ஒளியுணரிகளை 1,450 முதல் 2,450 மீட்டர் வரையான ஆழத்தில் பதித்தனர். அங்கே அழுத்தத்தால் காற்றுக்குமிழ்கள் மறைந்து பனி தெளிந்திருக்கிறது, இருளோ முழுமையானது. எப்போதாவது ஒரு நியூட்ரினோ அணுக்கருவில் மோதும்போது பிறக்கும் மின்துகள்கள், பனியில் ஒளி செல்லும் வேகத்தை விஞ்சி ஓடி, நீல ஒளியைச் சிந்துகின்றன.

2017 செப்டம்பர் 22 அன்று பதிவான ஒரு துகளின் திசை ஒரு நிமிடத்துக்குள் உலக வானியலாளர்களுக்கு அறிவிக்கப்பட்டது. அத்திசையில், பெருங்கருந்துளையை மையமாகக் கொண்ட தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்று சீற்றத்துடன் ஒளிர்வதை ஃபெர்மி தொலைநோக்கி கண்டது. 2022இல் வெளியான முடிவு இன்னும் வியப்பானது: 4.7 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள என்ஜிசி 1068 என்ற மண்டலத்திலிருந்து பத்தாண்டுத் தரவில் ஏறத்தாழ 80 நியூட்ரினோக்கள். என் கணக்குப் புத்தகத்தில் இது நட்டம்தான். ஆயினும், அம்மண்டலத்தின் மையத்தை அடர்ந்த தூசு மூடியிருக்கிறது. அங்கிருந்து ஒளி வெளிவரத் திணறும் இடத்தில், வந்து சேர்ந்தவை அந்த எண்பதுதான்.