சுரங்கத்திலிருந்து வந்த நலவாழ்வு அமைச்சர்

வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால் நம்மை முதலில் வாட்டுவது எது? வேதனையா, செலவா? பல குடும்பங்களில் செலவுதான். அந்தப் பயத்தைத் தம் நாட்டு மக்களிடமிருந்து நீக்கப் பாடுபட்டவர் அனைரின் பெவன்.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், ட்ரெடீகர் என்ற சுரங்க நகரில் 1897-ஆம் ஆண்டு பிறந்த இவர், 13 வயதில் பள்ளியை விட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார். போதாதற்குத் திக்குவாய் வேறு. நாவில் வராத சொல்லுக்குப் பதிலாக வேறு சொல்லைத் தேடித் தேடியே, பிற்காலத்தில் பாராளுமன்றத்தின் சிறந்த பேச்சாளர்களுள் ஒருவரானார்.

சுரங்கத் தொழிலாளியான அவரது தந்தை, நிலக்கரித் தூசி நுரையீரலில் படிந்த நோயால் 1925-ஆம் ஆண்டு மகனின் கைகளிலேயே உயிர்விட்டார். அன்றைய சட்டம் அதைத் தொழில் நோயாக ஏற்காததால் நட்டஈடு ஏதும் கிடைக்கவில்லை.

ஆயினும் அதே ஊரில் ஒரு நல்ல ஏற்பாடும் இருந்தது. தொழிலாளர் தம் கூலியில் பவுண்டுக்கு மூன்று பென்ஸ் வீதம் மருத்துவ உதவிச் சங்கத்திற்குச் செலுத்துவர். குடும்பம் முழுவதற்கும் சிகிச்சை கிடைக்கும். (குருக்கள் பலர் விரும்பிப் படித்த 'த கீஸ் ஆஃப் த கிங்டம்' நாவலை எழுதிய கிரோனின், 1920-களில் இச்சங்கத்தில் மருத்துவராகப் பணியாற்றியவர்.)

1929-இல் தொழிற்கட்சி உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்ற பெவன், 1945-இல் நலவாழ்வு அமைச்சரானார். ஊரில் கண்டதை நாடு முழுவதற்கும் விரிவாக்க எண்ணினார். மருத்துவர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. சிறப்பு மருத்துவர்கள் தனியாகவும் சிகிச்சை அளித்துப் பொருளீட்டலாம் என அவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 1948 ஜூலை 5 அன்று தேசிய நலவாழ்வுச் சேவை தொடங்கியது. செலவு பெரும்பாலும் வரிப்பணத்திலிருந்து. நோயாளி மருத்துவரிடம் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

அவர் குறையற்றவர் அல்லர். அதற்கு முந்தின நாள் மான்செஸ்டரில், எதிர்க்கட்சியினரை அற்பப் பிராணிகளிலும் கீழானவர்கள் என்று பேசினார். தம் சாதனைக்குத் தாமே களங்கம் தேடிக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1951-இல் படைச் செலவு பெருகியபோது, பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் வாங்க அரசு முடிவு செய்தது. சிறு தொகைதானே என்றனர் பலர். பெவனோ பதவி விலகினார். சிறு தொகைக்காகத் திறக்கும் கதவு அதோடு நிற்காது என்பது அவர் அச்சம். மறு ஆண்டே மருந்துச்சீட்டுக்கும் கட்டணம் வந்தது.

1960-இல் அவர் இறந்தார். அவர் பிறந்த வேல்சில் மருந்துச்சீட்டுக் கட்டணம் 2007 ஏப்ரலில் முற்றிலும் நீக்கப்பட்டது.