சனிக்கிழமைக் காலையில் பறந்து வந்தவர்

1997-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள், சனிக்கிழமை. தூர்தர்ஷனில் ‘சக்திமான்’ தொடர் அன்றுதான் தொடங்கியது. ‘மகாபாரதம்’ தொடரில் பீஷ்மராக நடித்துப் புகழ்பெற்ற முகேஷ் கன்னா, செந்நிற உடையில் பம்பரமாய்ச் சுழன்று, வானில் பறந்து, தீயோரை அடக்கினார். மற்ற வேளைகளில் அவர் மூக்குக் கண்ணாடியும் முன்தள்ளிய பற்களுமாய், யாவரும் எள்ளி நகையாடும் கங்காதர் என்னும் பத்திரிகைப் புகைப்படக்காரர். எளியவனுக்குள் மாவீரன் ஒளிந்திருக்கிறான் என்னும் கற்பனை எந்தக் குழந்தைக்குத்தான் இனிக்காது?

கொடைக்கானல் கோபுரத்தின் வழியாகத் தூர்தர்ஷன் 1987 முதல் தென் மாவட்டங்களை எட்டியிருந்தது. ஆயினும் சிலமலையில் அந்நாளில் வீட்டுக்கு வீடு பெட்டி கிடையாது. பெட்டி இருந்த வீட்டில் தெருப் பிள்ளைகளெல்லாம் கூடுவர். செப்டம்பர் ஏலக்காய் எடுப்புக் காலம். விடியுமுன்னே தூக்குச் சட்டியில் சோற்றுடன் ஜீப்பேறி, போடிமெட்டு வழியாகக் கேரள மலைத் தோட்டங்களுக்குத் தாய்மார் சென்றுவிடுவர். சனிக்கிழமை பள்ளிக்குத்தான் விடுமுறை, மலைக்கு இல்லை.

தொடர் புகழ் பெற்ற சில காலத்தில், ஏடுகளில் நெஞ்சைக் கலக்கும் செய்திகள் வெளிவந்தன. சக்திமான் வந்து காப்பாற்றுவார் என நம்பிச் சிறுவர் சிலர் உயரத்திலிருந்து குதித்தனர், தீயிட்டுக்கொண்டனர் என்று அவை கூறின. அவற்றுக்குத் தொடர்தான் காரணமா என்பது பற்றி வாதம் எழுந்தது. முகேஷ் கன்னாவே திரையில் தோன்றி, இவற்றைச் செய்து பார்க்கலாகாது எனப் பிள்ளைகளை எச்சரித்தார். கதையின் முடிவில் நன்னடத்தை பற்றிய சிறு அறிவுரையும் உண்டு. பிழை செய்த பிள்ளை சக்திமானிடம் மன்னிப்புக் கேட்கும். எனவே அத்தொடரைத் தீயது என்று ஒதுக்குவது நியாயமன்று.

ஆனால் பெற்றோரே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். தேசிய ஒளிபரப்பில் அது இந்தியிலேயே வந்தது. பறப்பதைக் காண மொழி வேண்டாம். பறக்க முயலாதே என்பதைக் கேட்க மொழி வேண்டும். நம் பிள்ளைகளுக்கு முன்னது முழுமையாகக் கிடைத்தது. பின்னது வெறும் ஓசையாய்ப் போயிற்று.

திரையில் மனிதன் பறப்பது பெரிய இரகசியமன்று. கம்பியில் தொங்கவிடுவர், அல்லது ஒரே நிறத் திரையின் முன் நிறுத்திப் படமெடுத்து, அந்நிறம் இருந்த இடத்தில் வானத்தைப் பொருத்துவர். ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். விளக்க வேண்டியவரோ மலையில் காய் எடுத்துக்கொண்டிருந்தார். கூலிக்குப் போன தாயைக் குறைகூற நமக்கு நா எழவில்லை. பெட்டி வைத்திருந்த வீட்டார் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்பதுதான் நம் ஆதங்கம். இன்று பெட்டியின் இடத்தில் கைப்பேசி. அருகில் ஆள் இல்லாத குறை மட்டும் அப்படியே.

(பின்னர் தொடர் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. மறைக்கல்வி ஆசிரியர்கள் பட்ட பாட்டை இங்கே விரிக்க வேண்டாம்!)

2005-இல் தொடர் நின்றது. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, தூர்தர்ஷன் அதனை மீண்டும் ஒளிபரப்பியது. மாநில எல்லை அடைபட்டு, மலைக்கு ஜீப்புகள் ஓடாத நாள்கள் அவை. கூலியிழந்த துயரம் சிறிதன்று. எனினும், முன்னொரு நாள் துண்டைக் கழுத்தில் கட்டிச் சுழன்ற பிள்ளைகள் இப்போது தகப்பன்மாராகித் தம் மக்களோடு வீட்டில் இருந்தனர். “அது கம்பிடா, உற்றுப் பாரு” என்று சொல்ல அவர்களுக்கு வேண்டிய பொழுதிருந்தது.