உங்களுக்குத் தெரியுமா? தவளை கண்ணால் விழுங்கும்!

இரையை விழுங்கும்போது தவளை கண்களை உள்ளிழுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் கண்குழிக்கும் வாய்க்கும் நடுவே எலும்புத் தடுப்பு இல்லை. மெல்லிய தசையும் தோலும்தான். விழுங்கும் நேரத்தில் கண் உருண்டைகள் இரண்டும் கீழே இறங்கி, வாயின் மேற்கூரையை அழுத்தி, பூச்சியைத் தொண்டைக்குள் தள்ள உதவுகின்றன. பார்க்கும் உறுப்பே உணவையும் தள்ளுகிறது என்பது எத்தனை முறை படித்தாலும் வியப்புத் தருகிறது! மேல்தாடையில் இருக்கும் பொடிப் பற்கள் இரையை நழுவவிடாமல் பிடிக்க மட்டுமே, மெல்வதற்கு அல்ல.

நாக்கு நமக்கு நேர்மாறு. அடிப்பகுதி வாயின் முன்புறத்தில் ஒட்டியிருக்கும். நுனி தொண்டைப் பக்கம் மடிந்து கிடக்கும். பூச்சி எட்டும் தூரத்துக்கு வந்ததும் சட்டென்று வெளியே புரண்டு, பசைபோல ஒட்டி இழுத்துவரும்.

மூச்சு விட உதரவிதானம் கிடையாது. தொண்டையின் அடிப்பகுதியை ஏற்றி இறக்கித்தான் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் தவளையின் தொண்டை விடாமல் துடிப்பது இதனால்தான்.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. ஈர மண்ணில் வயிற்றைப் பதித்து உட்கார்ந்தால் போதும். அடிவயிற்றுத் தோல் உறிஞ்சிக்கொள்ளும். ஆக்சிஜனும் இதே ஈரத்தோல் வழியாக ரத்தத்தில் கலக்கிறது. வயலில் நாம் தெளிக்கும் பூச்சிமருந்தும் அதே வழியில்தான் உள்ளே போகிறது.