ஏறவும் வழி, இறங்கவும் வழி

2018 நவம்பர் 8 அன்று அமெரிக்காவின் பேஸ்கேம்ப் என்ற திட்ட மேலாண்மை மென்பொருளைப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களால் திடீரென்று எதையும் புதிதாகப் பதிய முடியவில்லை. பழைய பதிவுகளைப் படிக்க முடிந்தது, ஆனால் ஒரு வரிகூடச் சேர்க்க முடியவில்லை. ஏறத்தாழ 5 மணி நேரம் இந்த நிலை நீடித்தது. சர்வர் பழுதாகவில்லை, யாரும் ஊடுருவவும் இல்லை. தரவுத்தளத்தில் ஒரே ஒரு அட்டவணையின் வரிசை எண் 2,147,483,647-ஐ எட்டிவிட்டது. 32 பிட் முழு எண்ணுக்கு அதுதான் எல்லை.

மருந்து தெரிந்ததுதான். அந்த எண்ணை 64 பிட்டாக மாற்ற வேண்டும். பேஸ்கேம்ப் நிறுவனத்திலேயே பிறந்த, இணையச் செயலிகளை எழுத உதவும் ரூபி ஆன் ரெயில்ஸ் கட்டமைப்பு, 2017-இல் வெளிவந்த 5.1 பதிப்பிலேயே புதிய அட்டவணைகளுக்கு 64 பிட்டை இயல்பாக்கியிருந்தது. பழைய அட்டவணைகள் அப்படியே நின்றன. சில ஆயிரம் வரிகள் இருக்கும்போது நொடியில் முடிகிற அந்த மாற்றம், கோடிக்கணக்கான வரிகள் சேர்ந்த பிறகு மணிக்கணக்கில் ஓடியது.

தரவு குறைவாக இருக்கும்வரை இப்படிப்பட்ட பிழைகள் மறைந்தே கிடக்கும். 10,000 பில்கள் உள்ள கடையில் இண்டெக்ஸ் (தேடலுக்கு வழிகாட்டும் அகரவரிசை போன்ற பட்டியல்) இல்லாமல் தேடினாலும் பதில் உடனே வந்துவிடும். பில்கள் 10 கோடியானால் அதே தேடல் அத்தனை வரிகளையும் புரட்டியாக வேண்டும். சரியான இண்டெக்ஸ் இருந்தால் நான்கைந்து பக்கங்களைத் திறந்தாலே விடை கிடைத்துவிடும். அதற்காக அட்டவணையின் எல்லா நெடுவரிசைகளுக்கும் இண்டெக்ஸ் போட்டுவிடவும் கூடாது. ஒவ்வொரு புதிய பில்லும் பதிவாகும்போது அத்தனை இண்டெக்ஸையும் திருத்த வேண்டியிருப்பதால், பில் போடுவதே மெதுவாகிவிடும்.

மென்பொருள் மந்தமானதும் பலருக்கு முதலில் தோன்றுவது பெரிய சர்வர் வாங்கும் யோசனை. பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். சிறு வணிகங்களின் கணக்கு மென்பொருள்கள் பல, மைக்ரோசாஃப்டின் இலவசத் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் ஓடுகின்றன. 2022 பதிப்பு வரை அதில் ஒரு தரவுத்தளம் 10 ஜிபியைத் தாண்ட முடியாது. தரவுப் பக்கங்களை நினைவகத்தில் வைத்துக்கொள்ள அது எடுப்பதும் 1,410 எம்பி மட்டுமே. 64 ஜிபி ரேம் கொண்ட புதிய இயந்திரத்தில் அதை நிறுவினாலும் அந்த வரம்பு நகராது. வாங்கும் முன் எந்தப் பதிப்பு ஓடுகிறது, தரவுத்தளத்திடம் கேட்கப்படும் எந்த வினவல் நேரத்தைத் தின்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

பதிப்பை உயர்த்தினால் வேகம் கூடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஒரு வினவலுக்கு எத்தனை வரிகள் கிடைக்கும் என்று கணிக்கும் பகுதியை எஸ்க்யூஎல் சர்வர் 2014-இல் மைக்ரோசாஃப்ட் புதிதாக எழுதியது. பல வினவல்கள் வேகமாயின. சில முன்பைவிட மோசமாயின. பழைய கணிப்பு முறைக்கே திரும்பிக்கொள்ள ஒரு வசதியையும் அந்த நிறுவனமே வைத்திருந்தது. பெரிய தரவோடு புழங்குபவர்கள் கவனிக்க வேண்டியது அந்த வசதியைத்தான்.

திரும்பும் வழியை விட்டுவைத்தே பதிப்பை உயர்த்துவதை, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் முறையாகச் செய்துகாட்டியது. 1,200-க்கும் மேற்பட்ட சர்வர்கள், 300 டெராபைட்டுக்கு மேல் தரவு, நொடிக்கு 55 லட்சம் வினவல்கள். இத்தனையையும் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 5.7 பதிப்பிலிருந்து 8.0-க்குக் கொண்டுபோக வேண்டும், சேவையும் நிற்கக் கூடாது. 2022 ஜூலையில் ஆயத்தம் தொடங்கியது. வேலை முடிய ஓராண்டுக்கு மேல் ஆனது.

முதலில் படிப்பதற்கு மட்டுமான நகல் சர்வர்களில் சிலவற்றை 8.0-க்கு மாற்றி, உண்மையான பயனர்களின் வினவல்களை அங்கே அனுப்பிப் பார்த்தார்கள். நிலைத்து நின்ற பிறகே முதன்மைச் சர்வர் மாறியது. அப்போதும் 5.7 நகல்களை அழிக்கவில்லை. புதிய முதன்மையிலிருந்து அவற்றுக்குத் தரவு தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. ஏதாவது பிசகினால், இடையில் வந்த பதிவுகளை இழக்காமல் பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம்.

கேட்க எளிதாக இருக்கும் இந்த ஏற்பாட்டில்தான் அதிக உழைப்பு போனது. 8.0-இன் இயல்பான எழுத்து வரிசை முறையை 5.7 அறியாது, அப்படியே விட்டிருந்தால் பழைய நகலுக்குத் தரவு போவது அறுந்திருக்கும். அதனால் இரண்டுக்கும் பொதுவான பழைய அமைப்பையே வைத்துக்கொண்டார்கள். சோதனைகளில் தேறிய சில வினவல்கள் நேரடிச் சுமையில் விழுந்தன. பல்லாயிரம் மதிப்புகளை ஒரே பட்டியலாகக் கேட்ட வினவல்கள் 8.0-ஐயே முடக்கியதால், அவற்றைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. மாதிரித் தரவில் நடத்தும் சோதனையை மட்டும் நம்பி இறங்குபவர்களுக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை கிடைக்காது.

ஒரே சர்வர் வைத்திருக்கும் நிறுவனத்தால் இவ்வளவு செய்ய இயலாது. ஆனால் முழு பேக்கப்பை வேறொரு இயந்திரத்தில் மீட்டு, புதிய பதிப்பை அங்கே ஏற்றி, மாதக் கடைசிக் கணக்கு அறிக்கையையும் சரக்கு இருப்புப் பட்டியலையும் ஓட்டிப் பார்க்க ஒரு வார இறுதி போதும். பேக்கப் உண்மையில் மீள்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். 2017 ஜனவரி 31 அன்று கிட்ஹப் போன்ற இன்னொரு சேவையான கிட்லேபின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவை அழித்தபோது, வழக்கமான பேக்கப் வழிகள் எதுவும் கைகொடுக்கவில்லை. தற்செயலாகச் சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல்தான் நிறுவனத்தைக் காப்பாற்றியது. அந்த 6 மணி நேரப் பதிவுகள் போனது போனதுதான்.