துணைக்குப் போகும் பைக்குக்கு யார் துணை?

தை பிறந்துவிட்டால் மதுரையிலிருந்து பழனி போகும் சாலை பச்சையும் காவியுமாக மாறிவிடும். வாடிப்பட்டி, கொடைரோடு, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள். குன்றக்குடிப் பக்கமிருந்து நத்தம் வழியாக நகரத்தார் காவடி வருவது நூற்றாண்டுகளாக நடப்பது. ஆடியில் இருக்கன்குடி, ஆவணியில் வேளாங்கண்ணி. சாமி நடை போக, ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை கண்தான இருவாரம், செப்டம்பர் 29 உலக இதய நாள், நவம்பர் 14 நீரிழிவு நாள் என்று நகருக்குள் விழிப்புணர்வு நடை, ஓட்டம், சைக்கிள் பேரணி எல்லாம் உண்டு.

இவை அத்தனைக்கும் பொதுவாக ஓர் ஆள் இருப்பார். ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் போட்டு, விசிலைக் கடித்துக்கொண்டு, கூட்டத்துக்கு முன்னும் பின்னும் பைக்கில் போய்வருகிற தம்பி. பெட்ரோல் அவர் காசு, தூக்கம் அவருடையது. அவருக்குச் சட்டம் என்ன அதிகாரம் தருகிறது, அடிபட்டால் யார் பணம் தருவார்கள் என்பதை மட்டும் யாரும் அவரிடம் உட்கார்ந்து சொல்வதில்லை.

அதிகாரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் அது கிடையாது. மோட்டார் வாகனச் சட்டப்படி ஓட்டுநர் கீழ்ப்படிய வேண்டியது சாலைக் குறிகளுக்கும், போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் பணியில் இருக்கும் போலீஸ்காரரின் சைகைக்கும்தான். ஜாக்கெட் போட்டவர் கையை நீட்டினால் நிற்க வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. பெரும்பாலோர் மரியாதைக்காக நிற்கிறார்கள், அவ்வளவுதான். நீங்கள் குறுக்கே பைக்கை நிறுத்தி லாரியை மறித்து, பின்னால் வந்த கார் அதில் மோதினால் கேள்வி உங்களை நோக்கித்தான் வரும். பொதுவழியில் இடையூறு செய்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆம் பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. கவனக்குறைவால் உயிர் போனது என்று நிரூபணமானால் 106(1) பிரிவு. 5 ஆண்டுவரை சிறை.

பிரிட்டனில் சைக்கிள் பந்தயங்களுக்குத் துணை போகிற பைக் குழுவினர் வண்டிகளை நிறுத்த முடியும். ஆனால் 2002ஆம் ஆண்டின் காவல்துறைச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் பயிற்சி பெற்று, காவல்துறையின் அங்கீகாரமும் வாங்கியவர்களுக்குத்தான் அந்த உரிமை. நம் பக்கத்து அனுபவம் வேறு மாதிரி. 1993இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் தொடங்கிய ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் அமைப்பு, பொதுமக்களையும் போலீசையும் இணைக்க வந்தது. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் சித்திரவதையில் இறந்தபோது அதன் உறுப்பினர்கள் மீதும் கேள்வி எழுந்தது. அந்த ஜூலையிலேயே தமிழக அரசு அமைப்பைத் தடை செய்தது. போலீஸ் மாதிரி நடந்துகொள்ளும் தன்னார்வலர் மீது அரசுக்கும் மக்களுக்கும் இருக்கிற சந்தேகம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

ஆகவே பைக்கில் சிவப்பு, நீல மின்னல் விளக்கு மாட்டாதீர்கள். சுழல் விளக்கை 2017 மே 1 முதல் மந்திரிகளின் காரிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பல சுருதியில் அலறும் ஹாரனும் தடை செய்யப்பட்டதுதான். சந்திப்பில் வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் அங்கே ஒரு போலீஸ்காரர் நிற்க வேண்டும். அதை ஏற்பாடு செய்வது நடத்துகிறவர்களின் வேலை. நகருக்குள் என்றால் போலீஸ் கமிஷனர் அலுவலகம், வெளியே என்றால் மாவட்ட எஸ்.பி. அலுவலகம். பல வாரம் முன்பே எழுத்தில் அனுமதி கேட்டு, அதன் நகலை ஒவ்வொரு பைக் ஓட்டுபவர் கையிலும் தர வேண்டும். வாட்ஸ்ஆப்பில் சொல்லியாச்சு என்பது அனுமதி ஆகாது.

அப்படியானால் துணை பைக்கின் வேலைதான் என்ன? வருகிற ஓட்டுநருக்கு முன்கூட்டியே தெரியப்படுத்துவது. இதிலே ஒரு சிக்கல் இருக்கிறது. நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக நடப்பதுதான் பாதுகாப்பு. ஆனால் மதுரை–திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் அந்த ஓரம் எதிர்த்திசை வண்டிகளுக்கானது. நடப்பவரோடு ஒட்டிக்கொண்டு பைக்கும் போனால் அது ராங் சைடு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு போக்குவரத்துத் திசைக்கு எதிராக ஓட்டுவதும், கையில் போன் வைத்துக்கொண்டு ஓட்டுவதும் 184ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதல் என்றே எழுதப்பட்டிருக்கின்றன. முதல் முறை பிடிபட்டால் 1,000 முதல் 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது 6 மாதத்துக்குக் குறையாத சிறை, அல்லது இரண்டும். நடப்பவர்களை ஒரு கையால் ரீல்ஸ் எடுத்துக்கொண்டே ஓட்டும் தம்பிமார்களும் இந்த வரியைப் படிக்கட்டும்.

கூடவே ஊர்வதில் வேறு தொல்லையும் உண்டு. நடக்கிற ஆளின் வேகம் மணிக்கு நாலைந்து கிலோமீட்டர். அந்த வேகத்தில் பைக் தள்ளாடும், அரை கிளட்ச்சிலேயே போவதால் கிளட்ச் பிளேட் கருகும், காற்றோட்டம் இல்லாமல் இன்ஜின் சூடேறும். பின்னால் 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பஸ்ஸுக்கு நீங்கள் சாலையில் நிற்கிற ஒரு கல். அனுபவஸ்தர்கள் கூடவே ஊர்வதில்லை, தாவிப் போகிறார்கள். கூட்டத்துக்கு முன்னால் வளைவோ, பாலமோ, சர்வீஸ் சாலை வந்து சேரும் இடமோ எங்கே இருக்கிறது என்று பார்த்து, தார் விளிம்புக்கு வெளியே மண்ணில் பைக்கை நிறுத்தி, இண்டிகேட்டர் எரியவிட்டு, இறங்கி, வண்டியை விட்டுத் தள்ளி நின்று ஒளிரும் குச்சியை அசைக்கிறார்கள். கடைசி ஆள் கடந்ததும் அடுத்த இடத்துக்கு. விடிகாலை 3 மணியிலிருந்து 6 மணிவரைதான் மிக மோசமான நேரம்: தை மாதத்துப் பனி, லாரி ஓட்டுநருக்குத் தூக்கம், நடப்பவருக்கும் தூக்கம். அந்த மூன்று மணி நேரம் நடப்பவர்களை மண்டபத்தில் படுக்க வைத்துவிட முடிந்தால் எத்தனை பைக்கும் அதற்கு ஈடாகாது. திண்டுக்கல்–பழனி சாலையில் நடைபாதை போட்ட இடங்களில் அதைவிட்டு இறங்க விடாதீர்கள்.

இப்போது பணம். புது பைக் வாங்கும்போது 2018 செப்டம்பரிலிருந்து 5 ஆண்டுக்குச் சேர்த்து இன்சூரன்ஸ் போடுகிறார்கள். அதனால் 5 வருஷத்துக்கு எல்லாம் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். ஐந்தாண்டு என்பது தேர்ட் பார்ட்டிக்கு, அதாவது உங்கள் வண்டியால் அடிபட்ட மற்றவருக்கு. உங்களுக்கென்று இருப்பது உரிமையாளர்–ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு, 15 லட்சம் ரூபாய். பல பாலிசிகளில் இது முதல் வருஷத்தோடு முடிந்துபோயிருக்கும். அது உயிரோடு இருந்தாலும், சாவுக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான் கிடைக்கும். கால் உடைந்து மூன்று மாதம் கட்டுப்போட்டுக் கிடந்தால் அதிலிருந்து ஒரு பைசா வராது. லைசென்ஸ் காலாவதியாகியிருந்தால் அவற்றுக்கும் வராது.

பின்னால் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டு வருகிறவரின் நிலை இன்னும் பரிதாபம். தேர்ட் பார்ட்டி மட்டும் போட்ட பைக் தானாகச் சறுக்கி விழுந்தால், பின்னால் இருந்தவருக்கு அந்த பாலிசி பொறுப்பேற்காது என்பது நீதிமன்றங்களின் நிலைப்பாடு. முழு பாலிசி இருந்தால் கேட்கலாம். இரவல் வண்டி என்றால் இன்னொரு வில்லங்கம்: வாங்கி ஓட்டுபவர் உரிமையாளர் இடத்தில் நிற்பவர், மூன்றாம் நபர் அல்ல என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மச்சான் பைக்கை எடுத்துப் போவதை விட்டுவிட்டுச் சொந்த வண்டியில் போங்கள்.

பாலிசித் தாளில் பொடி எழுத்தில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்று ஒரு பகுதி உண்டு. பந்தயம், பந்தயத்துக்கு முன்னால் வேகம் காட்டிப் போவது, வாடகைக்கு ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது இவற்றுக்குக் காப்பீடு கிடையாது என்று அங்கே இருக்கும். இரண்டாவதைக் கவனியுங்கள். நேரம் குறித்துப் பரிசு தருகிற மாரத்தானிலோ சைக்கிள் பந்தயத்திலோ முதல் ஆளுக்கு முன்னால் பைலட் பைக் ஓட்டுவதை, கம்பெனி வக்கீல் சுலபமாக அந்த வரிக்குள் கொண்டுவந்துவிடுவார். பெட்ரோலுக்கு மேல் சம்பளம் மாதிரி ஒரு தொகை வாங்கினால் ‘வாடகை’, பின் சீட்டில் தண்ணீர் கேன் கட்டினால் ‘சரக்கு’ என்று வாதம் வரும். போட்டி இல்லாத விழிப்புணர்வு நடைக்கும் பாதயாத்திரைக்கும் பந்தயச் சிக்கல் இல்லை. பந்தயம் என்றால் போவதற்கு முன் உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

நடத்துகிறவர்கள் என்ன செய்யலாம்? தொழிலாளர் இழப்பீட்டு விதிகள் தன்னார்வலருக்குப் பொருந்தாது, அங்கே சம்பள உறவு இல்லை. அதனால் அந்த ஓரிரு நாளுக்குத் தன்னார்வலர் பெயர்ப் பட்டியலோடு குழு விபத்துக் காப்பீடு எடுப்பதுதான் ஒரே வழி. பனியனுக்கும் பேனருக்கும் செலவழிக்கிற அமைப்பு இதற்குச் செலவழிக்கத் தயங்கினால் அந்த நிகழ்ச்சிக்குப் போகாமல் இருப்பதே நல்லது. ‘என்ன நடந்தாலும் நானே பொறுப்பு’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அதில் கையெழுத்துப் போட்டவருக்கும், மோதிய லாரியின் உரிமையாளரிடமும் அதன் இன்சூரன்ஸிடமும் இழப்பீடு கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது.

பதினெட்டு வயது ஆகாத பையன்களைப் பைக்கோடு சேர்க்கவே கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 199அ பிரிவில் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது.

நடப்பவர் யாராவது அடிபட்டால் 108. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்கும் சொல்லலாம். தூக்கிக்கொண்டு போகப் பயப்பட வேண்டாம். 2016இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற வழிகாட்டுதலும், 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் வந்த 134அ பிரிவும் உதவிக்கு வந்தவரைக் காக்கின்றன. பெயர் சொல்லக் கட்டாயப்படுத்தக்கூடாது, ஆஸ்பத்திரியில் உங்களிடம் பணம் கேட்கக்கூடாது. படுகாயப்பட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பவருக்கு மத்திய அரசு தரும் வெகுமதி 5,000 ரூபாயிலிருந்து 2025இல் 25,000 ஆகியிருக்கிறது. ஆனால் மோதியது உங்கள் பைக் என்றால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. நின்று, ஆளைச் சேர்த்து, போலீசுக்கும் இன்சூரன்ஸுக்கும் சொல்வது உங்கள் கடமை.

சிகிச்சைச் செலவுக்குத் தமிழகத்தில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 முதல் இருக்கிறது. எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரம் இலவசம். மத்திய அரசின் 2025 மே மாதத் திட்டத்தில் 7 நாளுக்குள் 1.5 லட்சம் ரூபாய்வரை கட்டணமில்லாமல் பார்க்கலாம். சேர்க்கும்போதே ‘சாலை விபத்து’ என்று சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுத வைத்து, அதன் நகலையும் கேளுங்கள். பின்னால் எல்லாக் கோப்புக்கும் அதுதான் அடித்தளம்.

ஒட்டன்சத்திரத்தில் அடிபட்டு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் கிடக்கிறவரின் குடும்பத்திடம் ‘அங்கே போய்ப் புகார் கொடு’ என்று சொன்னால் ஏற்க வேண்டாம். எல்லை எதுவானாலும் எப்.ஐ.ஆர். பதிய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. மறுத்தால் எஸ்.பி.க்குத் தபால், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட். இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் போடலாம். சட்டத்தில் எழுதியிருக்கும் கெடு மட்டும் குறுகியது: 2022 ஏப்ரல் 1க்குப் பிறகு, விபத்து நடந்து 6 மாதம். யார் தப்பு என்று நிரூபிக்க முடியாது என்று தோன்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவில் சாவுக்கு 5 லட்சமும் படுகாயத்துக்கு 2.5 லட்சமும் கேட்கலாம்.

இருட்டில் நடப்பவர் மீது மோதிய வண்டி பெரும்பாலும் நிற்பதில்லை. நம்பர் தெரியவில்லை என்று குடும்பம் காரியம் முடித்து ஊர் திரும்பிவிடுகிறது. நம்பர் இல்லாவிட்டாலும் சாவுக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. இதுவும் 2022 ஏப்ரலில் வந்த திட்டம். அதற்கு முன் 25,000, 12,500தான். மனுவை அந்தப் பகுதி வருவாய்க் கோட்டாட்சியரிடமோ வட்டாட்சியரிடமோ கொடுக்க வேண்டும், கலெக்டர் ஆணையிடுவார். வண்டி பிறகு சிக்கி முழு இழப்பீடு கிடைத்தால் இந்தத் தொகையைக் கழித்துக்கொள்வார்கள். எழுதத் தெரியவில்லை, வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் மதுரை நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. பெண்கள், தொழிலாளர்கள், பட்டியலினத்தவர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் வக்கீல் தருவார்கள். போன் எண் 15100.